ஆசிரியர் பயிற்சிக்கு நாம் ஏன் வந்தோம்? உண்மையான காரணங்களைப் பேசலாம்

நிழற்குடை:

ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணிதம் என் பாடம். 'நான் ஏன் ஆசிரியராக விரும்புகிறேன்' என்று எங்களை அடிக்கடி கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். வகுப்பில் எல்லாருடைய கட்டுரையும் ஏறக்குறைய ஒன்றுதான்: குழந்தைகள் மேல் அன்பு, சமுதாயத்துக்குச் செய்யும் சேவை, சிறு வயதில் மனதில் பதிந்த ஓர் ஆசிரியர். இவை எதுவும் கெட்ட காரணம் இல்லை. ஆனால் அதே நண்பர்கள் இடைவேளையில் பேசுவது வேறு. நிலையான வேலை, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பள்ளி இருக்கும், விடுமுறை கிடைக்கும், வீட்டில் சொன்னார்கள், வேறு படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சில் ஒரு வரிகூடக் கட்டுரைக்குள் வருவதில்லை.

இந்த முறை நான் உள்ளதை எழுதினேன். நிலையான வேலை வேண்டும் என்பது முதல் காரணம். ஒரு கணக்கை இன்னொருவருக்குப் புரியவைப்பது எனக்கு நன்றாக வரும் என்பது இரண்டாவது. திரும்பி வந்த தாளில் 'அர்ப்பணிப்பு உணர்வு போதாது' என்று எழுதியிருந்தது. மதிப்பெண் குறைந்தது பற்றிக் கவலை இல்லை. அந்த வரிதான் மனதை விட்டுப் போகவில்லை.

வேலைப் பாதுகாப்புக்காக வருகிற ஒருவர் நல்ல ஆசிரியர் ஆக முடியாதா? நீங்கள் எந்தக் காரணத்தோடு வந்தீர்கள், வகுப்பில் நின்ற பிறகு அது மாறியதா? படிப்பவர்கள், பணியில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

கரும்பலகை:

நான் வேறொரு துறைக்கு முயன்று இடம் கிடைக்காமல் வந்தவன். முதல் ஆண்டு முழுக்க இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆர்வமே இல்லாதவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள். இப்போது உயிரியல் வகுப்பு எடுக்கும்போது உண்மையிலேயே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் 'இதுதான் உன் முதல் விருப்பமா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல முடியும். என்னைப் போல வந்தவர்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள்?

சுவடி:

நான் ஆசிரியர் கல்வித் துறையில் ஆய்வு செய்பவன். இது என் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை, முதலில் உங்கள் கேள்வி. ஓஇசிடி என்பது பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பு. அது பல நாட்டு ஆசிரியர்களிடம் 2018இல் நடத்திய டாலிஸ் ஆய்வு, பணியில் இருப்பவர்களிடம் இதையே கேட்டது. ஓஇசிடி நாடுகளின் சராசரியாக, ஆசிரியப் பணிதான் தங்கள் முதல் விருப்பம் என்று சொன்னவர்கள் 69 விழுக்காடு. ஆக, அப்போது அந்த நாடுகளின் வகுப்பறைகளில் நின்ற பத்துப் பேரில் மூன்று பேர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்து இங்கே வந்தவர்கள். ஆண்களிடம் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். உங்களைப் போன்றவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

நிழற்குடை, உங்கள் தாளில் அந்த வரியை எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்கிறேன்.

டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஆசிரியர்களைப் பற்றி எழுதிய நூல் 1975இல் வந்தது. ஆட்களை இந்தத் தொழிலுக்கு இழுக்கும் ஐந்து விஷயங்களை அவர் அதில் சொல்கிறார். மனிதர்களோடு, அதிலும் இளையவர்களோடு பழகும் வேலை. சேவை. பள்ளி என்ற இடத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் அங்கேயே தொடர்வது. பொருள் ஆதாயம். குடும்பத்தோடு ஒத்துப்போகும் வேலை நேரம். இதில் உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்றையும் அவர் கவனித்தார். பணம், பாதுகாப்பு போன்ற காரணங்களை ஆசிரியர்கள் குறைத்தே சொல்கிறார்கள், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அவற்றைப் பெரிதாக நினைக்கக் கூடாது என்று சமூகம் எதிர்பார்க்கிறது. உங்கள் வகுப்பின் கட்டுரைப் பேச்சுக்கும் இடைவேளைப் பேச்சுக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

அப்புறம், 2007இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் இருவரும் 'ஃபிட்-சாய்ஸ்' என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். ஆசிரியர் பயிற்சியில் சேரும் மாணவர்களின் காரணங்களை அளப்பதற்காகவே உருவானது அது. அதற்கு முன்பு பல ஆய்வுகள் காரணங்களை மூன்று கூடைகளில் போட்டுவிடும்: பொதுநலம், உள்ளார்ந்த ஆர்வம், வெளிப்புற ஆதாயம். ஆனால் எது எந்தக் கூடை என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. 'குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை' என்பதை ஒருவர் பொதுநலம் என்பார், இன்னொருவர் உள்ளார்ந்த ஆர்வம் என்பார். ஃபிட்-சாய்ஸ் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. எனக்குக் கற்பிக்கும் திறமை இருக்கிறது என்ற நம்பிக்கை ஒரு காரணம். அந்த வேலையையே விரும்புவது இன்னொன்று. பணிப் பாதுகாப்பு, குடும்பத்துக்கான நேரம், இடம் மாறினாலும் வேலை கிடைப்பது ஆகியவை தனிப்பட்ட பயன். பிள்ளைகளின் எதிர்காலத்தை உருவாக்குவது, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது போன்றவை சமூகப் பயன். பள்ளியில் கிடைத்த நல்ல அனுபவம், மற்றவர்களின் தூண்டுதல், வேறு வழியில்லாமல் வந்தது என்பவையும் உண்டு.

ஆஸ்திரேலிய மாணவர்களிடம் கேட்டபோது திறமை நம்பிக்கை, வேலையின் மேல் விருப்பம், சமூகப் பயன் ஆகியவை மேலே இருந்தன. 'வேறு வழியில்லை' என்பது அடியில் இருந்தது. நீங்கள் இரண்டாவதாக எழுதிய காரணம், அதாவது 'விளக்குவது எனக்கு வரும்' என்பது, உச்சியில் இருந்தவற்றில் ஒன்று. அதையா அர்ப்பணிப்பு இல்லாததன் அடையாளமாக எடுத்துக்கொள்வது? ஒரே ஆள் பணிப் பாதுகாப்புக்கும் சமூகப் பயனுக்கும் சேர்த்தே உயர்ந்த மதிப்புக் கொடுக்கலாம். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வெண்கட்டி:

பள்ளியில் நீண்ட நாள் பணியாற்றியவள். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்து வருகிறேன். சுவடி எழுதியது நன்றாக இருந்தது, ஆனால் கேள்வித்தாள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'ஏற்றத்தாழ்வைக் குறைக்க விரும்புகிறேன்' என்ற வரிக்கு எதிரே குறைந்த எண்ணை எந்தப் பிள்ளை வட்டமிடும்? நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு.

என் அனுபவத்தில், பயிற்சிக்கு வருபவர்களில் முதலில் உடைந்து போகிறவர்கள் 'குழந்தைகள் மேல் அன்பு' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் அன்பு பொய் இல்லை. ஆனால் அந்த அன்பு திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு புது ஆளுக்கு முதல் வாரத்திலேயே அன்பைத் திருப்பித் தர மாட்டார்கள். சோதித்துப் பார்ப்பார்கள், பெயர் வைப்பார்கள், பின்வரிசையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர்களோ அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வாரம் கண் கலங்கி நிற்பார்கள்.

நான் பயிற்சி மாணவர்களிடம் கவனிப்பது வேறு. ஒரு பிள்ளை அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. மேலே உள்ளதைக் கூட்டியது, கீழே உள்ளதைக் கூட்டியது, அவ்வளவுதான். சில பயிற்சி ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழித்துவிட்டுச் சரியான விடையைப் பலகையில் எழுதுவார்கள். சிலர் 'இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு' என்று அருகில் போய் உட்காருவார்கள். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த பிறகும், 'அக்கா, ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது, ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று அவனிடம் கேட்டேன், அப்படியே யோசித்துக்கொண்டு நின்றான்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டாவது வகையினர்தான் நிலைத்து நிற்கிறார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று நான் கேட்பதே இல்லை. ஒரு பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதில் அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது, அது போதும்.

நிழற்குடை, உனக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மற்றதை விடு.

மின்மினி:

வெண்கட்டி அக்கா எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன். நான் பள்ளியை நேசித்தே இந்தப் படிப்புக்கு வந்தேன். பாடம் பிடிக்கும், புத்தக வாசனை பிடிக்கும், ஆசிரியர்களுக்கு என்னைப் பிடிக்கும். பெரியவளானதும் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சுவடி சொன்ன 'பிரிய மனமில்லாமல் தொடர்வது' அப்படியே நான்தான்.

இப்போது கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். மொழிப் பாடம். எனக்குப் பிடித்த பாடலை எவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொடுத்தாலும் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கு வாசிப்பு எப்போது வந்தது என்றுகூட நினைவில்லை. அது தானாக வந்தது போல இருக்கிறது. நான் விரும்பியது பள்ளியையா, பள்ளியில் நான் கெட்டிக்காரியாக இருந்ததையா என்று சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது.

சுவடி:

மின்மினி, நீங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி மிக முக்கியமானது. அதற்கும் லார்ட்டியிடம் ஒரு விளக்கம் உண்டு. ஒரு மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களை நேரில் பார்த்துவிடுகிறார் என்று அவர் கணக்கிட்டார். இதை 'பார்த்தே பழகும் தொழிற்பயிற்சி' என்று சொல்லலாம். வேறு எந்தத் தொழிலிலும் சேருவதற்கு முன்பு இவ்வளவு நேரம் அதைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் பார்த்தது எல்லாம் மாணவரின் இருக்கையிலிருந்து. ஆசிரியர் பேசுவது தெரியும். அவர் முந்தின இரவு எதை யோசித்தார், ஏன் அந்த உதாரணத்தை விட்டு இதை எடுத்தார், யாரை மனதில் வைத்து வேகத்தைக் குறைத்தார் என்பது தெரியாது. எனவே 'எனக்கு இந்த வேலை தெரியும்' என்ற நம்பிக்கையோடு வருகிறோம், உள்ளே போனதும் தெரியாதது தெரிகிறது.

அதிர்ச்சி உங்களுக்கு மட்டும் இல்லை. சைமன் வீன்மன் 1984இல் புதிய ஆசிரியர்களின் சிக்கல்களைப் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது முதல் சிக்கல், மாணவர்களுக்கு ஆர்வம் ஊட்டுவது அடுத்தது, ஆளுக்கு ஆள் வேறுபடும் திறனைச் சமாளிப்பது அதற்கடுத்தது. நீங்கள் எழுதியதில் பின்னிரண்டும் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் ஏறிய தன்னம்பிக்கை பணியின் முதல் ஆண்டில் இறங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் துணையாக இருக்கிறாரா என்பது அந்த இறக்கத்தை நிறையவே பாதிக்கிறது.

கடைசிபெஞ்ச்:

என் காரணம் இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. நான் நல்ல ஆசிரியரைப் பார்த்து இந்தப் படிப்புக்கு வரவில்லை. மோசமான ஒருவரைப் பார்த்து வந்தேன்.

எனக்குக் கணக்கு வராது. பலகைக்கு அழைத்து நிற்க வைப்பார். தெரியவில்லை என்றால் வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், வகுப்பும் சேர்ந்து சிரிக்கும். என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். கையில் பிரம்பு கிடையாது, அடித்ததும் இல்லை. ஆனால் அந்தப் பாட வேளை வரும் நாளில் காலையிலேயே வயிறு கலங்கும். எனக்குப் பின்னால் வருகிற பிள்ளை ஒன்றுக்காவது அந்தக் காலை வரக் கூடாது என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. இல்லாததுதான் என் காரணம்.

வீட்டில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் நான். சேவை என்ற சொல்லை என் வீட்டில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். 'நீ வாத்தியார் ஆனால் யாரையும் அப்படிப் பேசாதே' என்று அம்மா சொன்னார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அறிவுரை.

வெண்கட்டி:

கடைசிபெஞ்ச், உன் அம்மா சொன்னது பெரிய வார்த்தை. நீ வகுப்பில் நிற்க வேண்டிய ஆள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உன் நன்மைக்காக. அவரைப் போல இருக்கக் கூடாது என்பது உனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எப்படி இருக்க வேண்டும் என்பதை அது சொல்லிக்கொடுக்காது. உன் காரணத்தோடு வந்த சிலரைப் பார்த்திருக்கிறேன். கடுமையாக ஒரு சொல் சொல்லவும் பயப்படுவார்கள். பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள், வகுப்பு கையை விட்டுப் போகும். ஒரு நாள் பொறுமை எல்லை மீறும்போது, வாயிலிருந்து வருவது எந்த ஆசிரியரை வெறுத்தார்களோ அவருடைய வார்த்தையாகவே இருக்கும். சுவடி சொன்ன அந்தப் பார்த்துப் பழகியது கெட்டவரையும் சேர்த்துத்தானே பதிய வைத்திருக்கிறது. கோபம் வரும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள். 'இப்போது எனக்குக் கோபமாக இருக்கிறது, வகுப்பு முடிந்ததும் பேசலாம்' என்ற ஒரு வாக்கியம் போதும். பலகைக்கு யாரையும் தனியாக அழைக்காமல் இரண்டு பேராக அழை. தெரியாதவனுக்குத் துணை இருக்கும்.

கடைசிபெஞ்ச்:

நன்றி அக்கா. இரண்டு பேராக அழைப்பது எனக்குத் தோன்றவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

இரண்டாம்பாதி:

நான் கணக்குத் தணிக்கை வேலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்களுக்கு என் மகள் வயது. என்னைப் போன்றவர்களின் காரணங்களும் இந்தப் பேச்சில் வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு இது அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. வருமானம் குறையும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறோம். அதனாலேயே எங்களை எல்லாரும் தியாகிகளாகப் பார்க்கிறார்கள், அதுவும் சரியில்லை. என் பழைய வேலையில் நான் செய்த எதுவும் யார் மனதிலும் தங்கவில்லை என்ற எண்ணம் பல ஆண்டுகளாக இருந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வாரத்தில் அந்த மணி நேரங்களை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருப்பேன். அதையே முழு நேரமாகச் செய்யலாம் என்று வந்தேன். இது எனக்காக நான் செய்துகொண்டது.

இளையவர்களுக்கு ஒரு யோசனை. முடிந்தால் சேருவதற்கு முன்பே எங்காவது கற்பித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது போதும். விருப்பம் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கரும்பலகை:

எல்லாரும் மனதைப் பற்றியே பேசுகிறோம். சம்பளத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

சேவை என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஆசிரியர் ஊதிய உயர்வு கேட்டால் உடனே 'இது புனிதமான பணி, காசுக்காகச் செய்வதா' என்கிறார்கள். மருத்துவரும் உயிரைக் காப்பாற்றுகிறார், அவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பயிற்சியில் சேரும் முதல் நாளிலிருந்தே 'காசைப் பற்றி யோசிக்கிறவன் நல்ல ஆசிரியன் இல்லை' என்று பழக்கினால், பின்னால் உரிமையைக் கேட்கவும் நமக்குக் கூச்சம் வரும். நிழற்குடையின் தாளில் வந்த அந்த வரி இங்கேதான் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. ஆட்கள் இந்த வேலையை விட்டுப் போவதற்கும் அர்ப்பணிப்புக் குறைவுதான் காரணம் என்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சால் என்பவர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார். அவர் கணக்குப்படி அங்கே புதிதாக வருபவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஐந்து ஆண்டுகளுக்குள் விட்டுவிடுகிறார்கள். அதிருப்தியால் போனவர்கள் சொன்னவை குறைந்த ஊதியம், நிர்வாகத்தின் ஆதரவு இல்லாமை, மாணவர் ஒழுங்குச் சிக்கல், பள்ளியின் முடிவுகளில் தங்கள் குரலுக்கு இடமில்லாமை. பள்ளி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய புகார்கள்தானே இவை? ஆளின் மனதில் குறை தேடி என்ன பயன்?

வெண்கட்டி:

தம்பி, ஊதிய விஷயத்தில் நீ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்புக்கொள்கிறேன். சங்கக் கூட்டங்களில் நானும் இதையேதான் பேசுகிறேன். ஆனால் சேவை என்ற எண்ணத்தையே தூக்கிப் போட்டுவிடாதே. ஆண்டு முடிவில் விடைத்தாள் கட்டு, பதிவேடு, கூட்டம் என்று உடம்பு சோர்ந்து போகும்போது சம்பளத்தை நினைத்து எழுந்து போக முடியாது. வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை நின்று ஒரு பத்தி வாசித்ததை நினைத்துப் போகலாம். இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கிறவர்களோடுதான் நமக்குச் சண்டை.

நிழற்குடை:

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டிலும் நண்பர்களிடமும் இந்தப் படிப்பைச் சொன்னபோது 'உன் மதிப்பெண்ணுக்கு வேறு ஏதாவது எடுத்திருக்கலாமே' என்று நிறையப் பேர் சொன்னார்கள். என்னுடைய பழைய கணித ஆசிரியர் ஒருவரே சொன்னார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவரே வேண்டாம் என்றால் என்ன செய்வது? மற்றவர்களுக்கும் இப்படி நடந்ததா?

மின்மினி:

எனக்கும். மாமா ஒருவர் இன்றும் சொல்கிறார்.

சுவடி:

நிழற்குடை, இது தனியாக அளக்கப்படும் ஒன்று. ஃபிட்-சாய்ஸில் காரணங்களோடு, இந்தத் தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், மற்றவர்கள் உங்களைத் தடுத்தார்களா என்பதையும் கேட்கிறார்கள். கிடைத்த முடிவு யோசிக்க வைக்கும். மாணவர்கள் ஆசிரியப் பணியைக் கடினமானது, நிறைய உழைப்புக் கேட்பது என்று மதிப்பிட்டார்கள். ஊதியமும் சமூக மதிப்பும் குறைவு என்றார்கள். வேண்டாம் என்று தடுத்தவர்கள் இருந்தார்கள் என்றும் சொன்னார்கள். இவ்வளவுக்கும் பிறகு, தேர்வு செய்ததில் திருப்தியா என்று கேட்டபோது திருப்தி உயர்வாக இருந்தது. ஏமாந்து வந்தவர்கள் இல்லை அவர்கள், தெரிந்தே வந்தவர்கள். 2012இல் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே நான்கையும் ஒப்பிட்டபோது, சேருவதற்கான காரணங்கள் பெரிதும் ஒத்திருந்தன. தொழிலைப் பற்றிய மதிப்பீடுதான் நாட்டுக்கு நாடு கூடுதலாக வேறுபட்டது.

வெண்கட்டியும் கரும்பலகையும் பேசியதற்கும் ஒரு வரி. டெசி, ரையன் என்ற உளவியலாளர்கள் இருவரின் உந்துதல் கோட்பாட்டில் வெளியிலிருந்து வரும் காரணம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வீட்டில் சொன்னார்கள் என்பதற்காகத் தொடங்கிய ஒன்றை, அதன் மதிப்பைத் தானே உணர்ந்து தனதாக்கிக்கொள்ள முடியும். அதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: தன் முடிவுகளை எடுக்க இடம் இருப்பது, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். கரும்பலகை முதல் விருப்பமாக வராமல் இன்று உற்சாகமாகப் பாடம் எடுப்பது எனக்கு வியப்பாக இல்லை. பாடக்குறிப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற விடாத இடத்தில் பயிற்சி எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. 2030க்குள் உலகம் முழுக்கத் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கு 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும் என்று யுனெஸ்கோ 2024இல் கணக்குச் சொன்னது. இவ்வளவு பேர் தேவைப்படும்போது, நேர்மையாகக் காரணம் சொன்ன மாணவரை அர்ப்பணிப்பு இல்லாதவர் என்று ஒதுக்குவது பெரிய இழப்பு. வாட், ரிச்சர்ட்சன் இருவரும் 2008இல் பயிற்சியை முடிக்கும் நிலையில் இருந்தவர்களை மூன்று வகையாகக் கண்டார்கள். ஈடுபாட்டோடு தொடர நினைப்பவர்கள், ஈடுபாடு இருந்தும் பின்னால் வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள், ஈடுபாடு குறைந்து விலக நினைப்பவர்கள். இந்த மூவருக்கும் ஒரே கட்டுரைத் தலைப்பைக் கொடுத்து, ஒரே பதிலை எதிர்பார்த்தால், விலக நினைப்பவர் யார் என்றே ஆசிரியர் கல்லூரிக்குத் தெரியாது. தெரியாமல் எப்படி உதவ முடியும்? நான் பாடம் எடுக்கும் இடத்தில் இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதில்லை. பயிற்சிக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று எழுதச் சொல்லி, இரண்டையும் மாணவரிடமே கொடுத்து எது மாறியது என்று பேசச் சொல்கிறேன்.

இரண்டாம்பாதி:

இது எங்கள் கல்லூரியிலும் வந்தால் நன்றாக இருக்கும். எங்கள் துறைத் தலைவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

நிழற்குடை:

மதிப்பெண் இல்லாமல் எழுதச் சொன்னாலே பாதி உண்மை வந்துவிடும். வெண்கட்டி அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. தவறான விடையைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தம்பி 0.35 என்பது 0.8ஐவிடப் பெரியது என்று சொன்னபோது, முப்பத்தைந்து எட்டைவிடப் பெரியதுதானே என்ற அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. அதை உடைப்பதற்கு எவ்வளவு வழி யோசித்தேன் தெரியுமா. அதையும் காரணமாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை பணிப் பாதுகாப்போடு இதையும் எழுதுவேன், பாதுகாப்பை நீக்க மாட்டேன்.

மின்மினி:

நான் இந்தப் பருவம் முடியும் வரை இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கு மேல் இப்போது யோசிக்க முடியவில்லை. வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஐந்து பேரை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். முழு வகுப்பில் அவர்களைப் பார்க்கவே முடிவதில்லை. அக்கா, எங்கே தொடங்குவது?

வெண்கட்டி:

நல்ல முடிவு. முதல் நாள் எதையும் கற்பிக்காதே. ஆளுக்கு ஒரு சின்னப் பத்தி கொடுத்து வாசிக்கச் சொல், நீ எழுதிக்கொண்டே இரு. எழுத்தே தெரியவில்லையா, எழுத்துத் தெரிந்தும் கூட்டி வாசிக்க வரவில்லையா, வாசித்தும் பொருள் புரியவில்லையா என்று பார். மூன்றும் வேறு வேறு சிக்கல், மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. குறிலும் நெடிலும் குழம்புகிறதா, ஒற்றெழுத்தை விழுங்குகிறார்களா, கொம்பும் காலும் வந்தால் நின்றுவிடுகிறார்களா என்று தனியாகக் குறி. வாசிக்கும்போது நடுவில் திருத்தாதே. ஐந்து பேருடைய குறிப்பையும் இங்கே எழுது, பெயர் வேண்டாம். சேர்ந்து பார்க்கலாம்.

மின்மினி:

சரி அக்கா. திங்கட்கிழமை தொடங்குகிறேன். குறிப்புகளோடு வருகிறேன்.